பிரைட்டன் நிர்வாண சைக்கிள் ஊர்வலம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வாரக்கடைசித் திட்டம்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனில் கோடைக்காலத்தில் ஒரு நாள், உடம்பில் பெயிண்டும் காலில் ஷூவும் மட்டுமாக ஒரு பெருங்கூட்டம் ஊருக்குள் சைக்கிள் ஓட்டிப் போகும். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தனியாகக் கூப்பிட்டு "யார் வேண்டுமானாலும் போகலாமா?" என்று கேட்பார்கள். போகலாம். அப்படிக் கேட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முன்கதை கொஞ்சம். 2001இல் ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் சைக்கிள்காரர்கள் ஆடையின்றி ஊர்வலம் போனார்கள். கனடாவின் வான்கூவரில் இருந்த கான்ராட் ஷ்மிட் 2004இல் இதைப் பல நாடுகளில் நடக்கும் 'உலக நிர்வாண சைக்கிள் ஊர்வல'மாக மாற்றினார். பிரைட்டன் 2006இல் சேர்ந்துகொண்டது. கோரிக்கைகள் இரண்டு: எண்ணெயையும் காரையும் நம்பி வாழ்வதைக் குறைக்க வேண்டும், சாலையில் சைக்கிள் ஓட்டுபவரின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும். தினமும் ஒரு லாரி உரசிக்கொண்டு போகும்போது அந்த உடம்புக்கும் லாரிக்கும் நடுவில் எதுவும் இல்லை என்பதைக் கழற்றியே காட்டிவிடுகிறார்கள். பலருடைய முதுகில் "இப்போதாவது கண்ணில் படுகிறேனா?" என்று எழுதியிருக்கும். கார் ஓட்டுபவர்களிடம் கேட்கப்படும் கேள்வி அது.

படி 1: தேதியும் ரயிலும்

பிரைட்டன் ஊர்வலம் பெரும்பாலும் ஜூனில் வரும், ஆனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒருங்கிணைப்பாளர்களின் அறிவிப்பைப் பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள். பக்கத்து ஊர்களில் அந்தந்த ஊர்க்காரர்கள் நடத்தும் ஊர்வலங்களின் தேதியைப் பார்த்துக் குழம்புவதும் நடக்கிறது. லண்டனுக்குத் தனி ஊர்வலம் இருக்கிறது. கடலும் கடற்கரையும் சேர்ந்து கிடைப்பதால் என் ஓட்டு பிரைட்டனுக்கே.

லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். வாரக்கடைசியில் சைக்கிளை ஏற்ற முடியும், ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஜூனில் ஒரு ஞாயிறு, இதய நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் பிரபலமான லண்டன்-பிரைட்டன் சைக்கிள் பயணம் நடக்கும். அன்று அந்தத் தடத்து ரயில்களில் மடக்கு சைக்கிள் தவிர வேறெதையும் ஏற்ற மாட்டார்கள். அடுத்தது, தண்டவாள வேலை. ஞாயிறுகளில் அடிக்கடி ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், அதில் சாதாரண சைக்கிளுக்கு இடம் கிடையாது. டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஊரிலேயே வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழிதான், அப்போது சீட் உறை கட்டாயம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 2: அறை

ஜூன் வாரக்கடைசியில் பிரைட்டனில் அறை வாடகை எகிறும். கெம்ப்டவுன் பகுதியில் தேடுங்கள். ஊர்வலம் வழக்கமாக முடியும் கிழக்குக் கடற்கரைக்கு அது பக்கம், எல்லா வகையான மனிதர்களையும் பார்த்துப் பழகிய தெருக்கள் வேறு. பழைய காலத்து ஒடுக்கமான வீடுகளையே விடுதி ஆக்கியிருப்பார்கள், படிக்கட்டும் குறுகல். சைக்கிள் வைக்க இடம் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

படி 3: சைக்கிளைத் தயார் செய்தல்

பந்தய சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குனிந்து ஓட்டுவது உங்களுக்கும் வசதியில்லை, பின்னால் வருபவருக்கும் நல்ல காட்சியில்லை. நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிள்தான் சரி. கூட்டம் நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் நகரும், அடிக்கடி நிற்கும். அதனால் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், தரையில் எளிதாகக் கால் ஊன்ற வேண்டும். சீட்டைக் கொஞ்சம் இறக்கி, அதன் மூக்கு மேல்நோக்கி நிற்காமல் மட்டமாக வையுங்கள். பேன்ட் போட்டு ஓட்டும்போது தெரியாத ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு மேடும் அன்று தெரியும்.

சீட்டின் மேல் மெல்லிய பருத்தித் துண்டைச் சுற்றி, அடியில் இழுத்துக் கட்டுங்கள். சும்மா விரித்துப் போட்டால் இரண்டாவது தெருவிலேயே அது சக்கரத்துக்குள் போய்விடும். தோல் சீட் வைத்திருப்பவர்கள் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுக்கொள்வது நல்லது, வியர்வையும் சன்ஸ்கிரீனும் பெயிண்டும் சேர்ந்தால் அந்தத் தோல் தாங்காது. இறக்கை, ரிப்பன், மாலை என்று அலங்காரம் செய்கிறவர்கள் அவை செயினுக்கும் சக்கரத்துக்கும் எட்டாதபடி கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாளே டயருக்குக் காற்று அடித்துவிடுங்கள். ஆயிரம் பேர் பார்க்க நடுரோட்டில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதற்கு வேறு விதமான துணிச்சல் வேண்டும்.

படி 4: பையில் என்ன?

போடுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் எடுத்துப்போகவும் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். பாக்கெட் இல்லாத மனிதனுக்குத்தான் பை தேவை. இடுப்புப் பை ஒன்று, அதில் சாவி, போன், வங்கி அட்டை. கேரியரிலோ கூடையிலோ ஒரு சின்னப் பை, அதில் சட்டென்று போட்டுக்கொள்ளும் உடை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், தண்ணீர், இன்னொரு துண்டு. முதுகுப் பை வேண்டாம், தோலை உரசி உரசிப் புண்ணாக்கும்.

கழற்றிய துணியை எங்காவது வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். ஊர்வலம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு வேறு.

காலுக்கு ஷூ, அல்லது பின்வார் உள்ள செருப்பு. ரப்பர் செருப்பு பெடலில் வழுக்கும். பிரைட்டன் கடற்கரையில் மணல் கிடையாது, கூழாங்கற்கள்தான். வெறுங்காலோடு நடந்தால் கழற்றியதற்கு வருத்தப்படும் ஒரே பொருள் செருப்பாகத்தான் இருக்கும்.

சன்ஸ்கிரீனுக்குத் தனிக் கவனம் வேண்டும். கறுத்த தோல் வெயிலைத் தாங்கும் என்ற நம் நம்பிக்கை, பிறந்ததிலிருந்து வெயிலே காணாத இடங்களுக்குப் பொருந்தாது. கடல்காற்று குளிர்ச்சியாக வீசுவதால் சுடுவதும் தெரியாது. முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் ஊறியபின் பெயிண்ட், இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெயிண்ட் என்றால் உடம்புக்கென்றே விற்கும், தண்ணீரில் கரையும் வகை. சுவருக்கும் கான்வாஸுக்கும் அடிப்பதைத் தொடவே வேண்டாம்.

படி 5: சனிக்கிழமை ஒத்திகை

பிரைட்டனில் நிர்வாணக் குளியலுக்கென்றே ஒரு கடற்கரை உண்டு. நகரமன்றம் பெரிய விவாதத்துக்குப் பிறகு 1980இல் திறந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் கிழக்கே, படகுத்துறைக்கு முன்னால், பிளாக் ராக் அருகே இருக்கிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் பிரைட்டன் பியர் மேடைப் பக்கத்திலிருந்து வோக்ஸ் மின்சார ரயில் அந்தப் பக்கம் போகும். 1883இல் தொடங்கி இன்றும் ஓடும் குட்டி ரயில் அது, உலகில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் மிகப் பழையது. ஊர்வலம் ஞாயிறு என்றால், முந்தின நாள் சனிக்கிழமை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் உலகமே நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். அப்புறம் பக்கத்தில் ஒரு தாத்தா புத்தகத்தைக்கூட இறக்காமல் படித்துக்கொண்டிருப்பது கண்ணில் படும். ஊர்வலத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மிச்சமுள்ள நேரத்தில், உடையோடு, பழைய அரச மாளிகையான ராயல் பெவிலியனுக்குப் போய்வாருங்கள். வெங்காயக் குவிமாடங்களோடு நம் ஊர் அரண்மனைபோல நிற்கும். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 முதல் அது மருத்துவமனையாக இருந்தது. இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் சத்ரி, அதாவது குவிமாட நினைவு மண்டபம், இருக்கிறது. கால் தாங்குமென்றால் சைக்கிளிலேயே ஏறிப் பார்க்கலாம், நல்ல ஏற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெறுமனே நிர்வாணமாக இருப்பது குற்றமல்ல. 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி, ஒருவரைப் பதறவைக்கும் அல்லது துன்புறுத்தும் நோக்கத்தோடு உறுப்பைக் காட்டினால்தான் குற்றம். பொது ஒழுங்குச் சட்டம் தனியாக இருக்கிறது, தொல்லை தரும் நடத்தைக்கு அது பாயும். ஊர்வலம் அறிவித்து நடப்பது, போலீஸுக்குத் தெரிந்து நடப்பது. அந்தக் கூட்டத்துக்குள் இருக்கும்வரை சிக்கலில்லை. தனியாகப் பிரிந்து, அப்படியே ஐஸ்கிரீம் கடை வரிசையில் போய் நின்றால் கதை வேறு. இதே சட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று எண்ணி வேறெங்கும் முயல வேண்டாம். இந்தியாவில் நிச்சயமாக வேண்டாம்.

படி 6: கூடும் இடத்தில்

உடையோடு வாருங்கள். கழற்றுவது, பெயிண்ட் பூசுவது எல்லாம் கூடும் இடத்துக்கு வந்தபின்தான். ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தால் முதுகில் எழுத யாராவது கிடைப்பார்கள். பிரஷ்ஷை நீட்டி "கொஞ்சம் எழுதித் தருகிறீர்களா?" என்று கேட்பதுதான் அங்கே அறிமுகம் ஆகும் முறை.

எவ்வளவு கழற்றுவது? "அம்மண ஊரில் கோவணம் கட்டியவன் பைத்தியக்காரன்" என்பார்கள், பிரைட்டனில் அந்தப் பழமொழி செல்லாது. எவ்வளவு துணிகிறீர்களோ அவ்வளவு போதும் என்பதுதான் ஊர்வலத்தின் வழக்கம். உள்ளாடையோடு, டிராயரோடு, வெறும் பெயிண்டோடு, எப்படி வந்தாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. மாதவிடாய் நாளாக இருந்தாலும் உள்ளாடையோடு வரலாம், அப்படி வருபவர்கள் ஏராளம். ஆண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. கவலை வேண்டாம், ஆங்கிலக் கால்வாயின் காற்று அதைப் பார்த்துக்கொள்ளும்.

போட்டோ விஷயம்தான் உண்மையான கவலை. கூடும் இடத்தில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்பது பங்கேற்பவர்களிடையே உள்ள கட்டுப்பாடு. சாலைக்கு வந்துவிட்டால் ஊரே போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும், தடுக்க முடியாது. அதில் ஒரு படம் சித்தப்பாவின் வாட்ஸாப் குழுவை வந்தடையாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆகவே முகத்தில் தாராளமாகப் பெயிண்ட், பெரிய கூலிங் கிளாஸ், தொப்பி அல்லது விக். ஹெல்மெட் அங்கே சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அதுவும் தலையை மறைக்க உதவும். அடையாளம் சொல்லும் பச்சை குத்தல் இருந்தால் அதன்மேலும் ஒரு பூ வரைந்துவிடுங்கள்.

படி 7: ஓட்டம்

நடுக்கூட்டத்தில் இடம்பிடியுங்கள். முன்வரிசையை கேமராக்கள் மொய்க்கும், கடைசியில் போனால் இடைவெளி விழுந்து கார்களுக்கு நடுவே மாட்டுவீர்கள். சந்திப்புகளில் தன்னார்வலர்கள் குறுக்கே நின்று வண்டிகளை நிறுத்துவார்கள். அதை நம்பி நீங்கள் முந்திப்போகக் கூடாது, சேர்ந்தேதான் நகர வேண்டும். ஊரில் ஓட்டுவதுபோலவே இங்கும் இடதுபக்கம்தான்.

எல்லோரும் கையசைப்பதால் ஒரு கையை விட்டு ஓட்டத் தோன்றும். பிரேக்கிலிருந்து இரண்டு கையையும் எடுக்காதீர்கள். விழுந்தால் தோலுக்கும் தாருக்கும் நடுவில் இருப்பது பெயிண்ட் மட்டும்தான். இறக்கத்தில் முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு சைக்கிள் நீளமாவது தள்ளியே வாருங்கள். கடற்கரைச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் காற்று சட்டென்று பக்கவாட்டில் அறையும், ஹேண்டில்பாரை இறுகப் பிடியுங்கள். குளிர்ந்தால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், மானப் பிரச்சினை ஒன்றுமில்லை.

படி 8: முடிந்த பிறகு

ஊர்வலம் பெரும்பாலும் அந்த நிர்வாணக் கடற்கரைப் பக்கமே போய் முடியும். விரும்புபவர்கள் அப்படியே கடலில் இறங்கலாம். ஜூனில் தண்ணீர் 14, 15 டிகிரிதான், மெதுவாக இறங்குங்கள். அங்கிருந்து கிளம்பும் முன் கட்டாயம் உடுத்திவிடுங்கள். விடுதியின் வெள்ளைத் துண்டில் பெயிண்டைத் துடைத்தால் அபராதம் போடுவார்கள், கொண்டுபோன பழைய துண்டையே பயன்படுத்துங்கள். காதுமடலுக்குப் பின்னாலும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அலுவலகக் கூட்டத்தில் பச்சைக் காதுக்கு விளக்கம் சொல்வது கஷ்டம்.