நோட்டீஸ் அடிக்கும் முன் தண்ணீர்க் குழாயடிக்குப் போங்க

உள்ளாட்சித் தேர்தல் சமயம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் தெரிந்த ஒருவர் நோட்டீஸைத் திருத்தித் தரச் சொன்னார். "மீனவ மக்களின் வாழ்வாதாரம் மேம்பட அயராது பாடுபடுவேன்" என்று ஆரம்பித்து கச்சத்தீவு மீட்பு வரை போயிருந்தார். அண்ணே, நீங்க நிற்பது வார்டு உறுப்பினருக்கு, அது 1974-ல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் போட்ட ஒப்பந்தம், அதை வார்டில் வைத்து என்ன செய்வீங்க என்றேன். சிரித்துவிட்டார்.

பதவியின் கைக்கு எட்டுவதை மட்டும் எழுதுங்க. அதையும் "குடிநீர்ப் பிரச்சினை தீரும்" என்று மொட்டையாக எழுதாமல், "சர்ச் தெரு கடைசிக் குழாயில் தண்ணீர் ஏறுவதில்லை, முதல் கூட்டத்திலேயே தனி லைன் கேட்டுத் தீர்மானம் வைப்பேன்" என்று எழுதினால் அந்தத் தெருக்காரர் நோட்டீஸை மடித்துப் பையில் வைப்பார்.

அப்புறம், எழுதியதைக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. அவர் சொல்வதுதான் உங்கள் செய்தி. விட்டதை வெட்டிவிடலாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்கள் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள், நின்று பேசலாம். மற்ற மாதங்களில் பகலில் கதவைத் திறப்பது பெரும்பாலும் பெண்கள்தான், ஆகவே முதல் வரியே அவர்களுக்கானதாக இருக்கட்டும்.

அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் கீழே போட மறக்காதீங்க, சட்டப்படி அது வேண்டும்.