கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா? ஜிம், யோகா பயிற்சியாளர்கள் செய்யும் தவறுகள்

"எனக்கு எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல." சேரும் நாளிலேயே இந்த வரியில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பல ஜிம்களும் யோகா வகுப்புகளும் நிம்மதியாக இருக்கின்றன. முதல் தவறே அதுதான். காசு வாங்கிப் பயிற்சி தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவை. கவனக்குறைவால் காயம்பட்டவர் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். உயிர் போய்விட்டால் போலீஸ் வரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 106(1)-ல் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ-வில் 2 ஆண்டுதான். அங்கே கேள்வி கையெழுத்தைப் பற்றி இருக்காது. தெரிந்தும் ஏன் செய்யவைத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் "தெரிந்தும்" எங்கிருந்து வருகிறது? உங்கள் படிவத்திலிருந்தே. சுகர், பிரஷர், ஸ்டென்ட் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்கி பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். மாலை பேட்ச் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. கேட்காமல் விட்டது ஒரு தவறு என்றால், கேட்டுவிட்டுப் பார்க்காமல் விட்டது அதைவிட மோசம்.

இன்சுலின் போடுபவருக்கு வகுப்புக்கு முன் குளுக்கோமீட்டரில் 90-க்குக் கீழே காட்டினால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து உள்ளே போன பிறகே பயிற்சி. இதய நோயாளிக்கு, உட்கார்ந்திருக்கும்போதே பிரஷர் 180/110-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்கு அனுப்புங்கள். பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் ஒருவகை மாத்திரை) சாப்பிடுபவருக்கு, அதிகபட்ச நாடித்துடிப்பைக் கண்டுபிடிக்கும் "220-ல் வயதைக் கழி" கணக்கு உதவாது. மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாது. எண்ணைத் துரத்தினால் ஆளைச் சாய்த்துவிடுவீர்கள். பேச்சு திணறாமல் வருகிறதா என்று பாருங்கள். எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ், எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது) உள்ள அம்மாவைப் பச்சிமோத்தாசனத்தில் குனியவைத்து முதுகில் கைவைத்து அழுத்துவது முள்ளெலும்பு நொறுங்க நேர்வழி. யோகாதானே, மென்மையானதுதானே என்கிற நினைப்பு இங்கேதான் கவிழ்க்கிறது.

"உடற்பயிற்சி செய்யலாம்" என்ற ஒற்றை வரி டாக்டர் சீட்டும் போதாது. எதைச் செய்யக்கூடாது, எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

"மூணு மாசம் என்கிட்ட வாங்க, மாத்திரையே வேண்டாம்" என்பது வாய்ச்சவடாலோடு நிற்பதில்லை. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பதற்கு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-ல் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

நோட்டில் தேதி, சுகர், பிரஷர் அளவு, தந்த பயிற்சி, அவர் சொன்ன வலி, நீங்கள் செய்தது என்று அன்றன்றே எழுதுங்கள். பிழை இருந்தால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். சம்பவத்துக்குப் பிறகு நிரப்பிய பக்கம் வெற்றுப் பக்கத்தைவிட ஆபத்து.

நெஞ்சு வலிக்கிறது என்றால் "கேஸாத்தான் இருக்கும்" என்று சொல்லி பைக்கில் அனுப்பாதீர்கள். உட்காரவைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சும் பேச்சும் நின்றுவிட்டால் நெஞ்சின் நடுவே 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு பேட்ச்சிலும் இது கைவந்த ஒருவராவது இருக்க வேண்டும்.