பருத்தியில் வைரஸ்: மருந்துக்கடைக்குப் போகும் முன்

பருத்தி இலை சுருண்டிருந்தால் உடனே ‘வைரஸ்’ என்று முடிவுகட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதன் பின்னாலேயே வருபவை.

தத்துப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கும். விளிம்பு மஞ்சளாகி, அப்புறம் சிவக்கும். இலைப்பேன் என்றால் இலை மேல்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளிபோல் மினுங்கும். மூன்றாவது காரணம் பலருக்கும் தோன்றுவதே இல்லை: 2,4-டி. பக்கத்துக் கரும்பிலோ மக்காச்சோளத்திலோ அடித்த இந்தக் களைக்கொல்லி காற்றில் லேசாக வந்தாலே போதும், பருத்தியின் புது இலைகள் வெண்டை இலை மாதிரி விரல்விரலாகப் பிரிந்துவிடும். களைக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு மருந்து அடித்தாலும் இதே கதிதான். ஊரே ‘புது வைரஸ்’ என்று பேசும். பாதிப்பு கரும்பை ஒட்டிய வரிசைகளில் அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருந்தால், முதலில் பக்கத்து வயலில் என்ன அடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

உண்மையான இலைச்சுருள் நோயை அறிய இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நரம்புகள் தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். முற்றிய நிலையில் அடிப்பக்க நரம்பிலிருந்து கிண்ணம்போலக் குட்டி இலை முளைத்திருக்கும். இந்த நோய் 1967-இல் பாகிஸ்தானின் முல்தான் பகுதியில் கவனத்துக்கு வந்தது. 1993-இல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் தென்பட்டு, அடுத்து பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் பரவியது. இதைப் பரப்புவது வெள்ளை ஈ. அங்கே இது பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. அதனால் வாட்ஸ்அப்பில் வரும் வடநாட்டுப் படத்தை நம் வயலோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

தென்னிந்தியாவில் கவனிக்க வேண்டியது புகையிலைக் கீற்று வைரஸ். இலையில் ஒழுங்கற்ற வடிவில் பழுப்பும் ஊதாவும் கலந்த காய்ந்த புள்ளிகள் வரும். சப்பைகள் (பூமொட்டுகள்) காய்ந்து கொட்டும். பார்த்தால் பூஞ்சாண நோய் மாதிரியே இருப்பதால் பலர் மேன்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியை வாங்கி அடித்துவிடுகிறார்கள். வைரஸுக்கு அது தண்ணீர் தெளித்ததற்குச் சமம்.

இந்த வைரஸ் வரும் வழி விசித்திரமானது. வரப்பிலும் பாதையோரத்திலும் நிற்கும் பார்த்தீனியம் இதைச் சுமந்துகொண்டிருக்கும். ஆனால் அந்தச் செடியில் நோயின் அறிகுறி எதுவும் தெரியாது. வைரஸ் இருப்பது அதன் மகரந்தத்தில். அந்தத் தூள் காற்றிலும் இலைப்பேனின் உடம்பிலும் ஒட்டி வந்து பருத்தி இலையில் விழும். இலைப்பேன் சுரண்டிய காயம் வழியாக வைரஸ் உள்ளே போகும். 2000-ஆம் ஆண்டில் ஆந்திராவின் அனந்தபூரில் நிலக்கடலையைக் காய வைத்ததும் இதே வைரஸ்தான். ஆகவே காய்ந்த பருத்திச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வரப்புப் பார்த்தீனியத்தை விட்டுவைத்தால் வேலை பாதிகூட முடியவில்லை. அதைப் பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும். பூத்த பிறகு பிடுங்கினால் அந்த அசைவிலேயே மகரந்தம் பறக்கும். தோல் அரிப்பு உண்டாக்கும் செடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வயலைச் சுற்றிச் சோளமோ கம்போ பருத்திக்கு முன்பே நெருக்கமாக விதைத்தால், காற்றில் வருவதில் ஒரு பகுதியையாவது அது தடுக்கும். சூரியகாந்திக்கும் இந்த வைரஸ் வரும் என்பதால் அதைப் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாது. கடையில் ‘வைரஸுக்கு’ என்று கொடுப்பது, ஒன்று பூச்சிமருந்து, இல்லையென்றால் வெறும் டானிக். பூச்சிமருந்து, பரப்பும் பூச்சியைக் குறைக்கலாம்; அதுவும் முறையாக அடித்தால்தான். வெள்ளை ஈ இலையின் அடியில் உட்கார்ந்திருக்க, மேலே மட்டும் நனைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளைத் திரும்பத் திரும்ப அடிப்பது அதைவிட மோசம்: வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்துவிடும், வெள்ளை ஈ பெருகிவிடும். 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியைச் சூறையாடியபோது, மருந்துமேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. நான்கைந்து மருந்தை ஒரே டேங்கில் கலக்கும் பழக்கத்தை எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

‘பி.டி. விதை போட்டிருக்கிறேன், நோய் வராது’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. பி.டி. காய்ப்புழுவுக்கானது, வைரஸையோ வெள்ளை ஈயையோ அது தடுக்காது. நோய் எதிர்ப்பு ரகம் என்றாலும் காலத்துக்கும் உத்தரவாதமில்லை. இலைச்சுருள் நோயைத் தாங்கிய பாகிஸ்தான் ரகங்கள் 2001 வாக்கில் பூரேவாலாப் பகுதியில் எழுந்த புது வகை வைரஸிடம் தோற்றன. வேடிக்கை என்னவென்றால், நாம் ஓரங்கட்டிய நாட்டுப் பருத்தி இனத்தை இலைச்சுருள் நோய் தொடுவதில்லை. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணியும் அந்த இனம்தான்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. பயிர் வெளுத்திருக்கிறது என்று யூரியாவை அள்ளிப்போட்டால் தழை கொழுத்து வெள்ளை ஈக்கு விருந்தாகும். பருத்தியை ஒட்டி வெண்டை போடுவதும், வரப்பில் துத்தியை விட்டுவைப்பதும், அறுவடை முடிந்த கட்டையை மறுபடி துளிர்த்துக் காய்க்கட்டும் என்று மறுதாம்புக்கு நிறுத்துவதும் பூச்சிக்கும் வைரஸுக்கும் அடுத்த பருவம் வரை வீடு கட்டிக்கொடுப்பதுதான்.

சந்தேகம் தீராவிட்டால் மாதிரியோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். அதற்கு முழுதாகக் காய்ந்துபோன இலை உதவாது. அறிகுறி தொடங்கிய இளம் இலைகளாகப் பறித்து, வாடாமல் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். என்ன மருந்து, என்றைக்கு அடித்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.