தோளோடு மல்லுக்கட்டாதீர்கள்

இடது பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்கக் கை போகவில்லை. எனக்கு ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகிப்போவது, தெரியவந்தது அப்படித்தான். அப்போது வயது 51, சர்க்கரை வந்து 8 வருடம் ஆகியிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலும் தெரியாது, கோளாறு எலும்பில் இல்லை, மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுவதில் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை: முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். திரும்பாவிட்டால் இன்னொருவர் மெதுவாகத் திருப்பிப் பார்க்கட்டும். அவருக்கும் பூட்டுப் போட்டதுபோல் நின்றால் சந்தேகம் வலுக்கிறது. தசைநார் மட்டும் கிழிந்திருந்தால் அடுத்தவர் திருப்பும்போது பொதுவாகக் கை போகும். உறுதி செய்வது மருத்துவர் வேலை. விழுந்து அடிபட்டிருந்தாலோ, காய்ச்சலோ மூச்சடைப்போ சேர்ந்திருந்தாலோ அது வேறு கதை, உடனே போய்விடுங்கள்.

கை இப்படியே நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான் கம்பியில் தொங்கினேன். அதன் பலன், ஒரு வாரம் தூக்கம் போனது. ராத்திரி வலி கடுமையாக இருக்கும் முதல் கட்டத்தில் இழுக்கவே கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் திட்டினார். அந்தக் கட்டத்துக்கு ஊசல் பயிற்சி போதும். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிடுங்கள். கையை ஆட்டாதீர்கள், உடம்பை ஆட்டுங்கள். கை தானாக ஆடும். இரண்டு நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. அதற்குமுன் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். தூங்கும்போது நல்ல பக்கமாகப் படுத்து, வலிக்கிற கைக்குத் தலையணை கொடுங்கள். இந்தச் சமயத்தில் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும், எனக்கும் குறைந்தது. ஆனால் சில நாள் சர்க்கரை ஏறியது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் நீட்சிப் பயிற்சி. எனக்கு அதிகம் உதவியது ஒரு கம்பு. மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை வைத்து, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து, நல்ல கையால் மெல்லத் தள்ளினால் மற்ற கை வெளிப்பக்கம் திரும்பும். 20 விநாடி அப்படியே நிறுத்தி, பிறகு தளர்த்துங்கள், ஐந்து முறை. துண்டு நழுவினால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் சுவரில் விரல்களால் ஏறுவது. இதில் தோள் காதுவரை தூக்கிக்கொண்டு ஏறியதுபோல் பாவனை காட்டும், கண்ணாடி முன்னால் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பதைக் கடைசிக்கு வையுங்கள். நான் ஒன்பதாம் மாதத்தில்தான் தொட்டேன்.

எவ்வளவு செய்யலாம்? பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் வலி தணிந்தால் சரி. மறுநாள் காலையிலும் இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

முழுதாகச் சரியாக ஒன்று முதல் மூன்று வருடம்வரை ஆகலாம். தினம் அளந்து பார்த்தால் மனசு விட்டுப்போகும். மாதம் ஒருமுறை, முதுகில் கட்டைவிரல் எட்டும் இடத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு 17 மாதம் ஆயிற்று. இடது கட்டைவிரல் இன்னும் வலதைவிட இரண்டு விரற்கடை கீழேதான் நிற்கிறது. பர்ஸ் வருகிறது.