ஒட்டு தெரியாமல் இரண்டு படங்களைக் கலக்க

கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருளில் இரண்டு படங்களை இணைத்தபோது, கலந்த இடத்தில் பின்னணி ஊடுருவித் தெரிந்தது. இரண்டு லேயருக்கும் (படம் இருக்கும் அடுக்கு) மாஸ்க் (வெள்ளை இடத்தில் படத்தைக் காட்டி, கருப்பு இடத்தில் மறைக்கும் திரை) போட்டதுதான் தப்பு: இரண்டும் 50% ஆகும் இடத்தில் மொத்த மறைப்பு 75% தான், மீதி 25% ஓட்டை. கீழ் லேயரை முழுசாக விட்டுவிட்டு, மேலே உள்ளதற்கு மட்டும் வெள்ளை மாஸ்க் சேர்த்ததும் சரியானது.

அந்த மாஸ்க்கில், கருப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட்டை இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிக்குள்ளேயே இழுங்கள். மேல் படத்தின் ஓரத்தில் மாஸ்க் முழுக் கருப்பாகிவிட வேண்டும். லேசாகச் சாம்பல் மிஞ்சினாலும் அங்கே கோடு விழும். வானத்துக்கு அகலமான கிரேடியன்ட் அருமையாக இருக்கும். மின்கம்பி, ஜன்னல் கம்பி எல்லாம் அதில் இரட்டையாகிவிடும். அந்த இடங்களில் மாஸ்க்கை மென்மையான பிரஷ்ஷால் தீட்டி, அவை ஒரே படத்திலிருந்து மட்டும் தெரியும்படி செய்யுங்கள். வெளிச்ச வித்தியாசத்தை மட்டும் இதையெல்லாம் தொடங்கும் முன்பே கர்வ்ஸ் (Curves) என்ற வெளிச்சம் மாற்றும் கருவியில் சரிசெய்யுங்கள்.