இரண்டு டிஸ்க், இரண்டு ஓஎஸ்: பூட் ஆகவில்லையா, முதலில் இதைப் பாருங்கள்

ஒரு டிஸ்கில் விண்டோஸ், இன்னொரு டிஸ்கில் லினக்ஸ் என்று வைத்திருக்கும் பலரும், ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் மற்றது அதுபாட்டுக்கு ஓடும் என்றுதான் நம்புகிறார்கள். நானும் நம்பினேன், மச்சான் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றும் வரைக்கும். அதை வேறு மெஷினில் போட்டுப் பார்க்கலாம் என்று கழற்றிவிட்டு ஆன் செய்தால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் கிரப் (லினக்ஸோடு வரும், ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் பூட்லோடர்) என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, சிமிட்டிக்கொண்டிருக்கும் கர்சர், அவ்வளவுதான். விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டியை நாங்கள் தொடவே இல்லை.

காரணம் இதுதான். யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள், பழைய பயாஸின் இடத்தில் வந்தது) உள்ள மெஷினில் பூட் ஃபைல்கள் எல்லாம் டிஸ்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று தனியாகப் பிரித்த சின்ன இடத்தில் இருக்கும். விண்டோஸ் தன் பங்குக்கு வழக்கமாக 100 எம்பி அளவில் ஒன்றை உருவாக்கி வைத்திருக்கும். லினக்ஸை இரண்டாவது டிஸ்கில் போடும்போது, இன்ஸ்டாலர் பல நேரம் புதிதாக ஒன்றை உருவாக்காமல் விண்டோஸ் டிஸ்கில் ஏற்கெனவே இருப்பதிலேயே கிரப்பைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது, நீங்கள் பூட்லோடருக்கு இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கூட. ஆக கிரப் ஒரு டிஸ்கில், அது தேடும் செட்டிங் ஃபைல் இன்னொரு டிஸ்கில். ஒன்றைக் கழற்றினால் கிரப் வழி தெரியாமல் நின்றுவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் இதே வேலையை மறுபக்கமாகச் செய்யும்.

அதனால் எதையும் ரிப்பேர் செய்யும் முன், ஆன் செய்ததும் கீயை அழுத்தி, எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, எம்எஸ்ஐ போர்டு என்றால் எஃப்11. அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் தெரிந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் வந்துவிட்டால் பதற ஒன்றுமில்லை, பிரச்சினை பூட் வரிசையில்தான். பயாஸ் செட்டிங்கில் வரிசையை மாற்றினாலே போதும். தயவுசெய்து இந்த இடத்தில் அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், டேட்டா எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை, இது ரொம்ப முக்கியம்: பயாஸில் செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) பூட் வரிசையையோ தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீயை மொபைலிலோ பேப்பரிலோ குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்தைப் பார்த்ததும் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்கலாம். கீ கையில் இல்லையென்றால் அந்த டிஸ்கில் இருப்பதைத் திறக்க முடியாமல் போகலாம்.

சரி, கிரப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? லினக்ஸில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து ஒவ்வொரு டிஸ்காகக் கிளிக் செய்யுங்கள். பூட், இஎஃப்ஐ என்ற இரண்டு ஃபோல்டர் பெயர்களோடு மவுன்ட் ஆகியிருக்கும் குட்டி ஃபேட் பார்ட்டிஷன் எந்த டிஸ்கில் இருக்கிறதோ, அங்கேதான். அது விண்டோஸ் டிஸ்கில் இருந்தால், லைவ் யுஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) பூட் செய்து, ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் டூலில் லினக்ஸ் டிஸ்கிலிருந்து ஒரு 500 எம்பி ஒதுக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, இது இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று அடையாளம் காட்டும் பூட், இஎஸ்பி என்ற இரண்டு ஃபிளாகையும் வையுங்கள். இடம் ஒதுக்கப் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டியிருக்கும், அதனால் பேக்கப் எடுக்காமல் ஆரம்பிக்க வேண்டாம். அப்புறம் பூட் ரிப்பேர் என்ற டூலில் அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் போய், இஎஃப்ஐ பார்ட்டிஷனாக இந்தப் புதியதைக் காட்டினால் கிரப்பை அங்கே போட்டுவிடும். கமாண்ட் பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் நல்லது.

கிரப் மெனு வருகிறது, ஆனால் அதில் விண்டோஸ் பெயரே இல்லை என்றால் அது வேறு விஷயம். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ் ப்ரோபர் தானாக ஓடுவதில்லை. கிரப்பின் டிஃபால்ட் செட்டிங் ஃபைலில் ஓஎஸ் ப்ரோபரை டிசேபிள் செய்யும் வரிக்கு ஃபால்ஸ் என்று கொடுத்து, கிரப்பை அப்டேட் செய்யுங்கள். அப்போதும் வரவில்லையா? விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்ற சிஸ்டம் விவரச் செயலியைத் திறந்து பயாஸ் மோட் பாருங்கள். அங்கே லெகசி (பழைய பயாஸ் முறை) என்றிருந்து லினக்ஸை யுஇஎஃப்ஐயில் போட்டிருந்தால், கிரப்பால் விண்டோஸை எழுப்பவே முடியாது. பூட் மெனு கீயை அழுத்தி மாறிக்கொள்ள வேண்டியதுதான், அல்லது இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.

"ஷிம் எஸ்பேட் டேட்டா" (ஷிம் என்பது செக்யூர் பூட்டில் கிரப்புக்கு முன் ஓடுவது, எஸ்பேட் என்பது பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் பட்டியல்) சரிபார்ப்பு தோல்வி என்று சொல்லி மெஷின் அணைந்துவிட்டால், அது 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டால் பலருக்கும் நேர்ந்தது. செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் என்ற லினக்ஸ் கமாண்டால் எஸ்பேட் பாலிசியை டெலீட் செய்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து லினக்ஸை முழுதாக அப்டேட் செய்தபின் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்யலாம்.

விண்டோஸ் டிஸ்க் லினக்ஸில் படிக்க மட்டும்தான் திறக்கிறது என்றால் விண்டோஸை முழுதாக ஷட்டவுன் ஆகவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விண்டோஸில் போய் அணையுங்கள். லினக்ஸிலிருந்து திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா, லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டில் ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாம் முடிந்தபின் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு டிஸ்கை மட்டும் கழற்றி ஆன் செய்யுங்கள், பிறகு அதை மாட்டி மற்றதைக் கழற்றிப் பாருங்கள். மச்சான் கம்ப்யூட்டரில் கேபினெட்டின் பக்கத் தகட்டைத் திறந்து, லினக்ஸ் டிஸ்கின் சாட்டா கேபிள் கிளிப்பை அழுத்தி உருவிவிட்டு ஆன் செய்தோம். இந்தத் தடவை கிரப்பைக் காணோம், நேராக விண்டோஸ் லாகின் வந்தது.