வட்டமாக உட்காரும் முன்: படைப்பாற்றல் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படைப்பாற்றல் உத்திகளைப் புதிதாகப் பழகுகிறவர்களைக் கவனித்தால், முன்பு பழகியவர்கள் செய்து சலித்த தவறுகளையே வரிசை பிசகாமல் செய்வது தெரியும். ‘அடுத்தவர் யோசனையைக் கேலி செய்யாதே’, ‘கைப்பேசியை ஓரமாக வை’ போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவை இங்கே வேண்டாம். சரியாகத்தான் செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

கேள்வியிலேயே விடையை ஒளித்துவைப்பது

ஒரு நூலகத்தில் இரவல் போன புத்தகங்கள் நாள் கடந்தும் திரும்பி வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘நூலகத்தை எப்படி மேம்படுத்தலாம்?’ என்று கேட்டால் சுவர் வண்ணம் முதல் மின்விசிறி வரை எல்லாம் வரும், எதுவும் உதவாது. ‘நினைவூட்டும் செயலி எப்படி இருக்க வேண்டும்?’ என்று கேட்டால் விடையை நாமே சொல்லிவிட்டோம். மிச்சம் இருப்பது அலங்காரம்தான்.

நல்ல கேள்வியில் ஓர் ஆள், ஒரு செயல், ஒரு தடை இருக்கும். ‘படித்து முடித்த புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிடும் வாசகர் அதைக் கெடுவுக்குள் கொண்டுவர என்ன செய்யலாம்?’ இந்த அளவு போதும். சோதிக்க ஒரு வழி: கேள்வியைத் தாளில் எழுதி, விவரம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஐந்து விடையாவது எழுத முடியவில்லை என்றால் கேள்வி குறுகலானது. ஐந்தும் ஐந்து வெவ்வேறு பிரச்சினைகளைப் பற்றி இருந்தால் கேள்வி அகலமானது.

எடுத்த எடுப்பில் கூடி உட்கார்ந்து பேசுவது

இதைப் பார்க்கும்போதுதான் இன்னும் எரிச்சல் வருகிறது. எட்டுப் பேர் வட்டமாக உட்காருகிறார்கள், ஒருவர் பலகையருகே பேனாவோடு நிற்கிறார், ‘தோன்றியதைச் சொல்லுங்கள்’ என்கிறார். ஒரு மணி நேரத்தில் பலகை நிரம்புகிறது. எல்லோரும் மகிழ்ச்சியாகக் கலைகிறார்கள். அந்த மகிழ்ச்சிதான் நடந்த நஷ்டத்தை மறைக்கிறது.

கணக்கைப் பாருங்கள். எட்டுப் பேருக்கு அறுபது நிமிடம் என்றால் ஆளுக்கு ஏழரை நிமிடம்தான் பேச்சு. மீதி ஐம்பத்திரண்டரை நிமிடம் கேட்பதிலும் காத்திருப்பதிலும் போகிறது. காத்திருக்கும்போது மனம் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. சொல்ல வந்ததை மறந்துவிடக் கூடாதே என்று அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கும், இரண்டாவது யோசனைக்கு இடம் இருக்காது. முறை வருவதற்குள் அந்த ஒன்றும் பழசாகத் தோன்றி, பாதிப் பேர் ‘நான் நினைத்ததை அவரே சொல்லிவிட்டார்’ என்று விட்டுவிடுவார்கள்.

கூடி யோசிக்கும் முறைக்கு விதிகள் வகுத்தவர் விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்போர்ன். விமர்சனத்தைத் தள்ளிவை, விபரீதமான யோசனையையும் வரவேற்று எழுது, எண்ணிக்கையைக் கூட்டு, பிறர் யோசனையோடு உன்னுடையதைச் சேர் என்ற நான்கும் இன்றைக்கும் நல்ல விதிகள்தான். ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், கூடிப் பேசிய நால்வர் குழுக்களைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. காரணம் என்ன என்பதை 1987இல் உளவியலாளர்கள் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் தோண்டிப் பார்த்தார்கள். கூச்சமும் சோம்பலும்கூட இரண்டாம் பட்சம். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக் காத்திருக்க வேண்டியிருப்பதே முதல் காரணம். ஆளைத் தனி அறையில் உட்கார வைத்தாலும், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திரு என்று சொன்னதுமே அவர் தரும் எண்ணிக்கை சரிந்தது.

இன்னொரு கேடும் உண்டு. நம் நூலகக் கேள்விக்கு முதல் குரல் ‘அபராதத்தைக் கூட்டலாம்’ என்றால், அடுத்த இருபது நிமிடம் அபராதத்தைச் சுற்றியே போகும். எவ்வளவு, யாருக்கு விலக்கு, எப்படி வசூல் என்று கிளைவிடும். முதல் குரல் தலைவருடையதாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மாற்று எளிது. முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதட்டும். அதன் பிறகு 6-3-5 முறை: ஆறு பேர், மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1960களின் இறுதியில் வகுத்தது. ஆளுக்கொரு தாளில் மூன்று நெடுவரிசை, ஆறு வரிசை கட்டம் போடுங்கள். தாளின் தலைப்பில் கேள்வியை எழுதுங்கள். முதல் வரிசையில் ஆளுக்கு மூன்று யோசனை. ஐந்து நிமிடம் ஆனதும் தாள் வலப்பக்கத்தவருக்குப் போகும். அவர் படித்துவிட்டு அடுத்த வரிசையில் மூன்றை எழுதுவார். மேலே இருப்பதை வளர்க்கலாம், திருப்பலாம், புதிதாகவும் தொடங்கலாம். ஆறு சுற்று, முப்பது நிமிடம், 108 கட்டம்.

இதிலும் கோளாறு வரும். முதலாவது ஒற்றைச் சொல். ‘செயலி’ என்று மட்டும் எழுதிய கட்டத்தின் மேல் அடுத்தவரால் எதையும் கட்ட முடியாது. வினைச்சொல்லோடு முழு வாக்கியம் கேளுங்கள்: ‘புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே திருப்பித் தர வேண்டிய நாளை ஒட்டிவைப்பது.’ இரண்டாவது, நேரம். கடைசிச் சுற்றுகளில் படிக்கவே அதிகம் இருக்கும். முதல் இரண்டு சுற்றுக்கு நான்கு நிமிடம், கடைசி இரண்டுக்கு ஆறு நிமிடம் என்று மாற்றினால் மொத்தம் அதே முப்பதுதான். மூன்றாவது, எதிர்பார்ப்பு. 108 கட்டம் நிரம்பினாலும் 108 யோசனை தேறாது. ஒன்றே வேறு வேறு கையெழுத்தில் திரும்ப வரும். நான்கு பேர்தான் இருந்தால் நான்கு வரிசை போதும். பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு மேசையாகப் பிரியுங்கள். தாளில் பெயர் வேண்டாம். தலைவரும் மற்றவர்களைப் போல எழுதட்டும், அல்லது வெளியே இருக்கட்டும்.

‘அமைதியாக எழுதினால் உற்சாகம் போய்விடுமே’ என்பார்கள். பேச்சுக்கு இடம் உண்டு, எழுதி முடித்த பிறகு. புரியாத கட்டத்துக்கு விளக்கம் கேட்பது, இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவது, எதை எடுப்பது என்று வாதிடுவது எல்லாம் கூட்டத்துக்கு ஏற்ற வேலைகள்தான். முதலில் பேசிவிட்டு, ‘வீட்டுக்குப் போய் வேறு ஏதாவது தோன்றினால் எழுதி அனுப்புங்கள்’ என்று முடிக்கிறார்களே, அதுதான் தலைகீழ்.

முதல் வறட்சியில் எழுந்துவிடுவது

செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டால் சுவர், படி, காகிதம் பறக்காமல் வைக்கும் பாரம் என்று முதல் பத்து மளமளவென்று வரும். அவை யோசனை அல்ல, ஞாபகம். எல்லோரிடமும் அதே பத்துதான் இருக்கும். நேரம் ஆக ஆக விடைகளின் வேகம் குறையும். ஆனால் அபூர்வமானவை பின்னால்தான் வரும் என்பது 1950களிலேயே உளவியலாளர் கில்ஃபோர்டின் குழு பார்த்த விஷயம்.

எனவே நேரத்தைக் குறிக்காமல் எண்ணிக்கையைக் குறியுங்கள். ஒரு கேள்விக்கு முப்பது. கை நின்றுபோன இடத்தில் ஒரு கோடு போடுங்கள், இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் இருங்கள், கோட்டுக்குக் கீழே இன்னும் பத்து எழுதுங்கள். பிறகு கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதிரியைக் காட்டிவிட்டுப் ‘புதிதாக யோசி’ என்பது

1991இல் வெளியான ஓர் ஆய்வில், பொறியியல் மாணவர்களிடம் சிந்தாத கோப்பை ஒன்றை வரையச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஒரு மாதிரியைக் காட்டினார்கள். அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. குழல் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. மாதிரியைப் பார்த்தவர்களில் பலர் குழலோடுதான் வரைந்தார்கள். ஆகவே மாதிரி காட்டியே ஆக வேண்டும் என்றால் முதல் பதினைந்து நிமிடம் கழித்துக் காட்டுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றாகக் காட்டுங்கள்.

வெளியிலிருந்து மாதிரி வர வேண்டும் என்றுகூட இல்லை, நேற்று நமக்கு வெற்றி தந்த வழியே மாதிரியாகிவிடும். 1942இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் வெளியிட்ட ஜாடிக் கணக்கு இதற்குச் சரியான பயிற்சி. 21, 127, 3 அளவுள்ள ஜாடிகளால் 100 அளக்க வேண்டும்: நடு ஜாடியை நிரப்பி, முதல் ஜாடியால் ஒருமுறையும் கடைசி ஜாடியால் இருமுறையும் எடுத்தால் சரி. இதே வழியில் தீரும் நாலைந்து கணக்குகளுக்குப் பின் 23, 49, 3 ஜாடிகளால் 20 அளக்கச் சொன்னால், பெரும்பாலோர் அதே நீண்ட வழியில் போவார்கள். 23இலிருந்து 3 போனால் 20 என்பது கண்ணில் படாது. நண்பர் ஒருவரிடம் செய்து பாருங்கள். அவரிடம் ‘கவனி’ என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

இடது மூளை, வலது மூளை

படைப்பாற்றல் வலது மூளையின் வேலை, தர்க்கம் இடது மூளையின் வேலை என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தே உழைக்கின்றன.

மைண்ட் மேப்புக்கு வண்ணம் தீட்டுவது

நடுவில் தலைப்பை எழுதி, அதிலிருந்து கிளைகளாக விரித்து வரையும் படம்தான் மைண்ட் மேப். பாடத்தின் தலைப்புகளைப் பார்த்துக் கிளை கிளையாக நகலெடுப்பதில் புதிதாக எதுவும் பிறக்காது. புத்தகத்தை மூடுங்கள். ஒரே பேனாவால் ஏழு நிமிடம் நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேருங்கள். இரண்டாவது நிறம் எங்கே அதிகமோ அங்கே உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்தது முக்கியமானது: ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ள கிளைகளை மூன்று கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு வினைச்சொல் எழுதுங்கள். ‘தடுக்கிறது’, ‘வளர்க்கிறது’ போல. வினைச்சொல் கிடைக்காத கோட்டை அழித்துவிடுங்கள்.

ஸ்கேம்பரின் ஏழு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்பது

ஸ்கேம்பர் என்பது இருக்கும் ஒன்றை மாற்றிப் பார்க்க உதவும் ஏழு கேள்விகளின் பட்டியல். அதில் இரண்டு போதும். நம் நூலகத்துக்கு ‘நீக்கு’: கெடு நாளே இல்லாவிட்டால்? ‘தலைகீழாக்கு’: வாசகர் வராமல் நூலகம் அவரிடம் போனால்?

ஊறாததை ஊறப்போடுவது

‘விட்டுவிட்டால் தானாகத் தோன்றும்’ என்பது பாதி உண்மை. படைப்புச் சிந்தனைக்கு 1926இல் கிரஹாம் வாலஸ் சொன்ன நான்கு கட்டங்களில் ஊறல், அதாவது பிரச்சினையை மனதில் ஊறவிட்டு விலகியிருப்பது, இரண்டாவதுதான். அதற்கு முன்னால் தயாரிப்பு இருக்கிறது. எழுந்து போவதற்கு முன் மூன்று வரி எழுதுங்கள்: கேள்வி என்ன, எதையெல்லாம் முயன்றாயிற்று, எங்கே சிக்கியிருக்கிறது. திரும்பி வந்ததும் குறிப்பைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் எழுதுங்கள்.

நடையும் உதவும். 2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட யோசனைகள் கூடுதலாக வந்தன. ஆனால் ஒரே சரியான விடையைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நடை கைகொடுக்கவில்லை. யோசனை தேட நடங்கள், தேர்ந்தெடுக்க உட்காருங்கள்.

கை தூக்கி வாக்கெடுப்பது

கை தூக்கச் சொன்னால் ஜெயிப்பது பத்திரமான யோசனை. நூலகத்தில் மறுபடி அபராதம்தான் வெல்லும். முதலில் இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: ‘நாளையே செய்யலாம்’, ‘புதிது, ஆனால் எப்படி?’ ஒவ்வொன்றிலும் மூன்றை, ஆளாளுக்குத் தாளில் எழுதித் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாவது குவியலில் தேறிய மூன்றுக்கும் தலா ஒரு தடையை மட்டும் எழுதி, அந்தத் தடைக்காகப் பத்து நிமிடம் செலவிடுங்கள்.

தாள்களை அன்றே குப்பையில் போடுவது

ஒரு வாரம் வைத்திருங்கள். அதற்குள் ஒருமுறை, கூட்டத்தில் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.